அடைக்காத காது

சங்கிலிக்குக் காது கேட்காது என்று மதுரை பழங்காநத்தத்தில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அவர் வேலை பார்க்கிற புரோட்டாக் கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். சப்ளையர் வந்து தோளுக்குப் பக்கத்தில் நின்று, "மாஸ்டர், முட்டைக் கொத்து ரெண்டு, கறிதோசை ஒண்ணு" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவான். சங்கிலி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கையிலிருக்கும் இரும்புத் தகட்டால் கல்லில் ரெண்டு தட்டு தட்டுவார். வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இருபத்தேழு வருஷமாக ஒரு ஆர்டர் மாறினதில்லை.

வீட்டுக்கு வந்தால்தான் அந்த மனுசனுக்குக் காது போய்விடும். அதுவும் பொண்டாட்டி தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தால் மட்டும்தான் போகும். மருமகன் ராம்கி சோபாவில் சாய்ந்துகொண்டு முணுமுணுவென்று கிரிக்கெட் பேசினால் கேட்கும். மேல்வீட்டு கிறிஸ்துராஜ் மாடிப்படியில் நின்று கரெண்டு எப்ப வரும் என்று கேட்டால் கேட்கும். கட்டினவள் அடுப்படியிலிருந்து, காபி போடவா என்று மூன்று தரம் கேட்டால் கேட்காது. நாலாவது தரம் கேட்டால், "இப்ப என்னத்துக்குக் கீச்சுகீச்சுன்னு கத்துற?" என்பார். இதுக்கு என்ன பேர் வைப்பீர்கள்? தமிழ்ச்செல்வி திமிர் என்று பேர் வைத்திருந்தாள். பதினோரு வருஷமாக அந்தப் பேர்தான்.

அவள் குரல் மெல்லிசுக் குரல். பள்ளிக்கூடத்திலேயே கீச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் என்ன, அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் வீட்டு முன்னால் இட்லி மாவு விற்கிறாள். தெருவே அவளை மாவுக்காரம்மா என்று கூப்பிடுகிறது. அவள் சொல்கிற விலையும் வசவும் அம்புட்டுப் பேருக்கும் கேட்கத்தான் செய்கிறது.

ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை அது நடந்தது. வீட்டைக் கழுவி, மேல்தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவள் சீயக்காய்த் தண்ணியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு அடியில் மாட்டி மடங்கிவிட்டது. எழுந்திரிக்க முடியவில்லை. "ஏங்க" என்று கூப்பிட்டாள். "ஏங்க, விழுந்துட்டேங்க." கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் சங்கிலி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தரையோடு தரையாகக் கிடந்தவளுக்குக் கதவின் அடி இடைவெளி வழியாக அவர் கால் தெரிந்தது. வலது காலை இடது கால் மேல் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் கத்தக் கத்த அந்தக் கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

கால் மணி நேரம் கழித்து மாடியிலிருந்து கிறிஸ்துராஜ் வீட்டுப் பாக்கியமேரி ஓடி வந்தாள். வென்டிலேட்டர் வழியாக அவளுக்குக் கேட்டிருக்கிறது. மாடிக்குக் கேட்டிருக்கிறது, பத்தடிக்குக் கேட்கவில்லை. "அண்ணே, அக்கா உயிர் போற மாதிரி கத்துறாக, என்னண்ணே பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கீக?" என்றாள் அவர் முகத்துக்கு நேராக நின்று. அதுக்கு அவர் நிதானமாகப் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்ன பதில் தமிழ்ச்செல்வி காதிலும் விழுந்தது. "செல்வியா? அவ குளிக்கிறாளே."

கைக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம். கிரைண்டர் ஓடவில்லை. கஞ்சி வைக்கவும் துணி துவைக்கவும் மகள் சத்யப்ரியா ஒத்தக்கடையிலிருந்து வந்து வந்து போனாள். சங்கிலியும் சும்மா இல்லை, பாத்திரம் விளக்கினார், அவளுக்குத் தலை பின்னிக்கூட விட்டார், கோணல்மாணலாக. ஆனால் அன்றைக்கு ஏன் வரவில்லை என்பதற்கு மட்டும் "நீ கூப்பிடலையே" என்ற ஒரே பதில்தான்.

"கூப்பிடலையாம்ல" என்றாள் தமிழ்ச்செல்வி மகளிடம். "கடையில ஊருப்பட்ட சத்தத்துல ஆர்டர் கேக்குதாம். வீட்ல நான் செத்துக்கிட்டிருந்தா கேக்கலையாம்."

"காதுல கோளாறு இருக்கும்மா. டெஸ்ட் பண்ணிப் பாப்போம்."

"கோளாறு காதுலயா மனசுலயா, அத மட்டும் எனக்குச் சொல்லுங்க. காதுன்னா பொறுத்துக்கிருவேன். மனசுன்னா வண்டியூர்ல என் தம்பி மொக்கைச்சாமி வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. கிரைண்டரத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன். இருபத்தாறு வருஷம் போதும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தம்பியிடம் போனில் பேசி, மாடியில் கிரைண்டருக்குத் தனி லைன் இழுக்க முடியுமா என்று கேட்டு வைத்துவிட்டாள்.

ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் காது முகாம் போட்டார்கள். ராம்கி மாமனாரைப் பைக்கில் வைத்துக் கூட்டிப் போனான். டை கட்டின ஒருத்தன் சங்கிலிக்குப் பின்னால் நின்று கை தட்டினான். அவர் திரும்பினார். "கொஞ்சம் கம்மிதான், வயசு என்ன?" என்றான். ஐம்பத்திரண்டு என்றார். சோதனை அம்புட்டுத்தான். கருப்பட்டித் துண்டு மாதிரி ஒன்றை எடுத்துக் காதுத் துவாரத்துக்குள் அமுக்கிவிட்டு, பில்லைக் கையில் கொடுத்தான். முகாம்தான் இலவசம், மெஷின் இல்லை. ராம்கி பாவம், தவணையில் வாங்கிக் கொடுத்துவிட்டான்.

நாலு நாள் மாட்டினார். ஐந்தாம் நாள் கழற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"ஏன் கழட்டுனீங்க?"

"சரிப்படல."

"என்ன சரிப்படல?"

"சரிப்படலன்னா சரிப்படல."

இதுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மெஷின் வாங்கிக் கொடுத்தும் மாட்டவில்லை என்றால் கேட்க இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம்? தமிழ்ச்செல்விக்கு எல்லாம் விளங்கிவிட்டது மாதிரி இருந்தது. புரட்டாசி கழியட்டும், ஐப்பசி பிறந்ததும் வண்டியூர் என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை சங்கிலிக்கு எண்ணெய்க் குளியல். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை ரெண்டு காதிலும் ஊற்றுவது அவள் வீட்டு வழக்கம். சண்டை இருந்தாலும் சனிக்கிழமை எண்ணெயை அவள் விட்டதில்லை. போகப்போகிறவள்தான், ஆனாலும் அன்றைக்கும் அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து வெதுவெதுப்பாக ஊற்றினாள். மத்தியானம் மருமகன் சாப்பிட வருகிறான் என்று, அவன் முன்னால் மெஷின் சும்மா கிடக்கக்கூடாதே என்று, அந்த அடைப்பானை அவளே எண்ணெய்க் காதுக்குள் அமுக்கியும் விட்டாள். "இன்னைக்கு ஒருநாளாவது மரியாதைக்கு மாட்டுங்க" என்றாள். அவர் கழற்றாமல் விட்டுவிட்டார். சாயங்காலம் அப்படியே கல்லுக்கு முன்னால் போய் நின்றார். திங்கட்கிழமை காது வீங்கிச் சீழ் வடிந்தது. வலியில் மனுசனுக்குத் தாடை திறக்கவில்லை.

கே.கே. நகரில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் ஊற்றினது யார் என்று கேட்டார். தமிழ்ச்செல்வி நான்தான் என்றாள். "ஊத்திட்டு மேல மூடியும் வச்சீங்களாக்கும்?" என்றார் டாக்டர். ரெண்டு வாரம் சொட்டு மருந்து. காது ஆறினதும் பக்கத்து அறையில் முறையாகச் சோதனை செய்ய வேண்டும், அதுவரைக்கும் ஒரு பொட்டு எண்ணெய் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

புரட்டாசியில் புரோட்டாக் கடையில் ஈ ஓட்டுவார்கள். பாதி மதுரை கறியைத் தொடாது. அதனால் ரெண்டு வாரம் கழித்து லீவு கேட்டதும் கிடைத்தது. காதுச் சோதனை செய்கிற பெண் பேர் ஷெரின். தமிழ்ச்செல்வி அவளை டாக்டரம்மா என்றாள். "நான் டாக்டர் இல்லம்மா, ஆடியாலஜிஸ்ட். கேக்குற சக்தியை அளந்து பாக்குறவ" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே சங்கிலியை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். தமிழ்ச்செல்வி வெளியே ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் தடித்த சத்தங்கள். கட்டைவிரல் டக்டக் என்று அழுத்தியது. பிறகு ஷெரின் மெல்லிசான சத்தத்துக்கு மாற்றினாள். விரல் சும்மா இருந்தது. கூட்டினாள். சும்மா இருந்தது. இன்னும் கூட்டினாள். அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எப்போது சத்தம் வரும் என்று பட்டன் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்காமல் இருப்பதற்கு நடிக்கிறவன் மூஞ்சி அப்படி இருக்காது. தமிழ்ச்செல்விக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

சோதனை முடிந்ததும் ஷெரின் ஒரு தாளைக் காட்டினாள். கோடு பாதி தூரம் சமதளமாக வந்து, அப்புறம் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி சரிந்திருந்தது.

"ஐயா, இந்தப் பக்கம் தடிச்ச சத்தம். அது உங்களுக்கு நல்லாவே கேக்குது." சங்கிலி முகத்துக்கு நேராக, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவர் தலையை ஆட்டினார். "இந்தப் பக்கம் மெல்லிசுச் சத்தம். பொம்பளைக குரல், பிள்ளைக குரல். ச, த, ட மாதிரி எழுத்தெல்லாம் இங்கதான் இருக்கு. இதுதான் போயிருச்சு. பேசுறாங்கன்னு தெரியும், என்ன பேசுறாங்கன்னு பிடிபடாது. அப்படித்தானே?"

"அப்படியேதான்" என்றார் சங்கிலி. "இவ பேசுனா காத்து வீசுற மாதிரி இருக்கும்மா. எழுத்து விழாது."

"கடையில மட்டும் எப்படிக் கேக்குது?" என்றாள் தமிழ்ச்செல்வி, விட்டுக்கொடுக்காமல்.

"கடையில பேசுறது அம்புட்டும் ஆம்பளைதானம்மா? பக்கத்துல வந்து கத்துறாங்க. மொத்தம் பத்து அயிட்டம், பாதி கேட்டாலே மீதி தெரிஞ்சிரும்." ஷெரின் தாளைத் திருப்பி அவளுக்குக் காட்டினாள். "நீங்க கோவம் வந்தாச் சத்தம் போடுவீங்கல்ல?"

"போடுவேன். போடாம?"

"சத்தம் போட்டா உங்க குரல் இன்னும் மேல ஏறும். ஏற ஏற இந்தக் கெணத்துக்குள்ளதான் போயி விழும். நீங்க எம்புட்டுக்கு எம்புட்டுக் கத்துனீங்களோ, அம்புட்டுக்கு அம்புட்டு அவருக்குக் கேட்டிருக்காது."

கேட்டீர்களா நியாயத்தை? பதினோரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினது அத்தனையும் வீண். குரலை இறக்கிப் பேசியிருந்தால்கூட ரெண்டு வார்த்தை போய்ச் சேர்ந்திருக்கும். இதை அவளுக்குச் சொல்ல இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் கிடையாது.

"எதுனால போச்சு?" என்று கேட்டாள்.

"ஐயாவுக்கு என்ன வேலை?"

"கொத்து புரோட்டா மாஸ்டர்."

ஷெரின் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு தகட்ட வச்சு இரும்புக் கல்லுல அடிக்கிறதா? காதுக்கு ஒண்ணும் போடாமலா?"

"காதுக்கு என்னத்தப் போடுறது?" என்றார் சங்கிலி ஆச்சரியமாக.

முகாமில் வாங்கின அடைப்பானைத் தமிழ்ச்செல்வி பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். ஷெரின் அதைப் புரட்டிப் பார்த்தாள். "இது மோசமான மெஷின்னு சொல்ல மாட்டேன். எல்லாச் சத்தமும் போன காதுக்கு இப்படி அடைக்கிற மாதிரிதான் வேணும். ஆனா இவருக்குத் தடிச்ச சத்தம் நல்லாக் கேக்குதே, அந்த வழிய எதுக்கு அடைக்கணும்? இத மாட்டினப்ப எப்படி இருந்துச்சுங்கையா?"

சங்கிலி கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேசி அவள் பார்த்ததில்லை. "அத ஏம்மா கேக்குறீங்க. முறுக்கக் கடிச்சா மண்டைக்குள்ள செங்கல் ஒடைக்கிறாப்ல இருக்கு. பேசுனா எம்பேச்சே குடத்துக்குள்ள இருந்து வருது. எனக்கே அசிங்கமா இருக்குன்னு பேசுறதயே விட்டேன். அடுப்பு வெக்கைக்குக் காதுக்குள்ள வேர்த்து ஊத்தும், தொடைக்க முடியாது. தகட்டுச் சத்தம் கபாலத்துல எறங்குது. இவ குரல் மட்டும் அப்பவும் எழுத்தா விழல."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"சரிப்படலன்னு சொன்னேன்ல."

அடப்பாவி மனுசா என்று இருந்தது அவளுக்கு. அந்த ஒரு வார்த்தைக்குள் இம்புட்டையும் போட்டு மூடி வைத்திருந்திருக்கிறார். அவளும் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, எண்ணெய் ஊற்றின காதுக்குள் தன் கையாலேயே அமுக்கியிருக்கிறாள்.

ஷெரின் வேறு ஒன்றை எடுத்துக் காட்டினாள். காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற சின்ன மெஷின். அதிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு குழாய். குழாய் நுனியில் ஓட்டை ஓட்டையாக, குட்டிக் குடை மாதிரி மெத்தென்ற ரப்பர். "இது காத அடைக்காது. ஓப்பன் ஃபிட்னு சொல்வாங்க. துவாரம் தொறந்தே இருக்கும், காத்து போகும் வரும். தடிச்ச சத்தம் எப்பவும் போல தானா உள்ள போகும். கொறையுற மெல்லிசுச் சத்தத்த மட்டும் இந்தக் குழாய் கொண்டுபோயிச் சேர்க்கும். உங்க பேச்சு உங்களுக்குக் குடத்துக்குள்ள கேக்காது. ஆனா ஒண்ணு, போன காது திரும்பி வராது. இது ஒத்தாசைதான். கூட்டத்துல, இரைச்சல்ல திணறத்தான் செய்வீங்க. பழக ஒரு மாசம் ஆகும். கொத்துப் போடையில இதக் கழட்டி வச்சுட்டு, காதுக்கு மூடி போட்டுக்கிட்டுத்தான் அடிக்கணும். இல்லன்னா இருக்கறதும் போயிரும்."

கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, ரெண்டு காதிலும் மாட்டிவிட்டாள். சங்கிலி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அங்குமிங்கும் பார்த்தார். "என்னது, சரசரன்னு?" என்றார். தமிழ்ச்செல்வி மடியிலிருந்த மருந்துப் பிளாஸ்டிக் பை. அவள் கையை எடுத்தாள், சத்தம் நின்றது. அவர் அந்தப் பையையே பார்த்தார்.

ஒரு வாரம் போட்டுப் பார்க்க ஷெரின் கொடுத்தாள். எழுந்திரிக்கும்போது தமிழ்ச்செல்வி கதவுப் பக்கத்தில் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நான் குளியல் ரூம்ல விழுந்து கூப்பிட்டேன். மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு, கதவு சாத்தியிருந்துச்சு, பத்தடி. இவருக்குக் கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா?"

"அத நான் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இந்தத் தாளப் பாத்தா, கேட்டிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி."

கம்மி. அவள் கேட்டது கம்மியா ஜாஸ்தியா என்றில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு ரெண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். சங்கிலிக்குப் போக இஷ்டமில்லை. "நான் மெல்லச் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் எதையும் மெல்லத்தான் சொல்வார், முடிவில் சொல்லவே மாட்டார். அவள்தான் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கல்லாவுக்கும் புரோட்டாக் கல்லுக்கும் நடுவில் ஆறடி கூட இருக்காது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள், சால்னாவுக்கு வெங்காயம் வதங்குகிற வாசம். பந்தியில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இவரு காது போயிருச்சு" என்றாள். "உங்க கல்லு முன்னாடி இருபத்தேழு வருஷம் நின்னதுல போயிருச்சு. டெஸ்ட் எடுத்துட்டோம். இந்தா தாளு."

முதலாளி சிரித்த முகமாகவே, "என்னம்மா?" என்றார்.

அவள் திரும்பச் சொன்னாள். கோபத்தில் குரல் ஏறியது. முதலாளி தலையை முன்னால் நீட்டிக் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. ஒண்ணும் பிடிபடல."

தமிழ்ச்செல்விக்குச் சட்டென்று விளங்கியது. அந்த மனுசனும் இருபத்தேழு வருஷமாக அதே ஆறடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். அப்போது பின்னாலிருந்து சங்கிலியின் கட்டைக் குரல் வந்தது.

"எங்காது உங்க கல்லுல போயிருச்சுன்னு சொல்றா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தபடி நின்றார். அவள் பின்னால் நிற்கிறார், அவள் வாய் அவருக்குத் தெரியாது.

"இத்தனை வருஷத்துல ஒருநாளாவது காதுல பஞ்சு வைக்கச் சொன்னீங்களா?" என்றாள் அவள், சோதித்துப் பார்க்கிற மாதிரி.

"ஒருநாளாவது காதுல பஞ்சு வைக்கச் சொன்னீங்களான்னு கேக்குறா."

"கல்லுக்குப் புதுசா ஸ்டீல் தகடு மாத்துனீங்க, போர்டுக்கு லைட்டு மாத்துனீங்க. அடிக்கிற மனுசன் என்ன ஆனான்னு பாத்தீங்களா?"

"லைட்டு மாத்துனீங்க, தகடு மாத்துனீங்க, அடிக்கிற ஆளப் பாத்தீங்களான்னு கேக்குறா."

"இதுக்கு ஒரு வழி சொல்லாம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். வெக்கமில்லாம சிரிச்சுக்கிட்டு இருக்காரு பாரு."

சங்கிலி ஒரு நொடி தயங்கினார். "வழி சொல்லாமப் போக மாட்டாளாம்" என்றார். பிறகு, "வெக்கமில்லாம சிரிக்கிறீங்களாம்" என்று அதையும் சேர்த்துச் சொன்னார். பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். சங்கிலிக்கும் கடையிலிருக்கிற இன்னொரு மாஸ்டருக்கும் காதுமூடி வாங்கித் தருவதாகச் சொன்னார். மெஷினுக்கும் கடையிலிருந்து ஒத்தாசை செய்வதாக, பந்தியில் கேட்டுக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால் சொன்னார். "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுங்கண்ணே" என்று தமிழ்ச்செல்வி சொல்ல, சங்கிலி அதையும் எடுத்துச் சொன்னார். "எனக்கென்னப்பா, எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார் முதலாளி.

வருகிற வழியெல்லாம், வாய் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தாரே என்று அவளுக்கு ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பெருமையே கொஞ்ச நேரத்தில் ஆத்திரமாக மாறியது.

சாயங்காலம் அவள் அடுப்படியில் கிரைண்டரைப் போட்டாள். உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில் சங்கிலி அதே நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷத்தில் தமிழ்ச்செல்விக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. அவரைப் பற்றி என்ன தோன்றினாலும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிரைண்டரிடம் சொல்லிவிடுவாள். யாருக்குக் கேட்கப் போகிறது? அன்றைக்கும் மாவைத் தள்ளிவிட்டபடி அதைத்தான் செய்தாள்.

"மொதலாளிகிட்ட மட்டும் எழுத்து விடாம ஒப்பிக்கத் தெரியுது. நான் விழுந்து கெடந்தப்ப எட்டிப் பாக்கத் தெரியல. காலு ஆடுது, ஆட்டம்."

"எந்தக் காலு?" என்று முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

அவள் கை நின்றது.

"எந்தக் காலுன்னா கேக்குறீங்க? உங்க காலுதான். கதவுக்கு அடியில தெரிஞ்சுச்சு. நான் தண்ணியில கெடந்து ஏங்க ஏங்கன்னு கத்துறேன், உங்க காலு மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கை வலிகூட எனக்குப் பெருசா இல்ல."

சங்கிலி எழுந்து வந்து அடுப்படி நிலையில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. "இத நீ சொல்லவே இல்லையே" என்றார்.

"சொல்லலையா?" குரல் எகிறியது. ஷெரின் சொன்னது நினைவுக்கு வந்து அதை அவள் கீழே இறக்கினாள், நடுங்கிக்கொண்டே இறங்கியது. "கட்டுப் போட்டு வந்த அன்னைக்குச் சொன்னேன். தலை பின்னி விட்டீங்களே, அன்னைக்குச் சொன்னேன். எண்ணெய் ஊத்தையிலயும் சொன்னேன். அதுக்கு முன்னாடி பதினோரு வருஷமா வேற என்னென்னவோ சொன்னேன். எல்லாத்துக்கும் உம்முனு தலைய ஆட்டுனீங்க. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லத் தெரியாதா? ஒருநாள், ஒரே ஒருநாள், செல்வி எனக்குக் கேக்கலன்னு சொல்லியிருந்தா நான் கிட்ட வந்து சொல்லியிருக்க மாட்டேனா?"

சங்கிலியின் வலது கை மெல்ல மேலே எழுந்து காதுக்குப் போனது.

தமிழ்ச்செல்வி பேச்சை நிறுத்தினாள். அந்தக் கையையே பார்த்தாள். கழற்றட்டும், பார்ப்போம் என்று இருந்தது அவளுக்கு. கழற்றினால் ஐப்பசி வரைக்கும்கூட வேண்டியதில்லை, நாளைக்கே வண்டியூர்.

அவர் வியர்வையில் நழுவின குழாயை விரலால் தடவிப் பார்த்து, உள்ளே தள்ளி வைத்தார். முன்னறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கி வந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தெரியாத்தனமாத் தலைய ஆட்டிட்டேன்" என்றார். "கேக்கலன்னு சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாகன்னு பயம். வீட்லயும் அதே பழக்கமாப் போச்சு. காதுல இருக்குற மிஷின் கிரைண்டர் சத்தத்துல தடுமாறுது. நிப்பாட்டிட்டு மொதல்ல இருந்து சொல்லு."

உளுந்து பாதிதான் அரைபட்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் மாவு பொங்காது. அவள் மாவு விற்க ஆரம்பித்த நாளிலிருந்து மழை, இழவு, கல்யாணம் எதுக்கும் ஓடுகிற கிரைண்டரைப் பாதியில் நிறுத்தினதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை அணைத்தாள்.

வாசலில் பாக்கியமேரி தூக்குவாளியோடு வந்து நின்றாள். "அக்கா, ஒரு கிலோ மாவு."

"இன்னைக்கு மாவு கெடையாது மேரி."

"ஏங்க்கா, கிரைண்டர் ஓடுற சத்தம் கேட்டுச்சே. ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. பேசிக்கிட்டிருக்கோம்."

பாக்கியமேரி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாளியோடு மாடியேறிப் போனாள். தமிழ்ச்செல்வி புருஷனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் கால் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. ரெண்டு பாதமும் தரையில் ஊன்றியிருந்தன, ஆடவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, பதினோரு வருஷத்துக்கு முந்தின ஒரு பொங்கல் நாளிலிருந்து ஆரம்பித்தாள்.